தங்கச்சி கல்யாணத்துக்குக் கூலிக்குச் சமைத்த மாஸ்டர்

போன ஆவணியில் மதுரையில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். அப்பா இல்லை, செலவு முழுக்க என் பொறுப்பு. நகையிலும் மண்டபத்திலும் கை வைக்க வழியில்லை. சாப்பாட்டில்தான் மிச்சம் பிடிக்க முடியும். ஆனால் ஒருத்தர் அரை வயிற்றோடு எழுந்து போனாலும் அம்மா தாங்க மாட்டார். அந்த இக்கட்டிலிருந்து எங்களைக் காப்பாற்றியவர் இந்தச் சமையல் மாஸ்டர்.

முதலில் ஒரு கேட்டரிங்காரரிடம் கேட்டோம். முதல் நாள் இரவு 200 இலை, காலை டிபன் 250, முகூர்த்தச் சாப்பாடு 350 என்று சொன்னோம். 1,84,000 ரூபாய் ஆகும் என்றார். ஆள் குறைந்தாலும் பேசிய இலைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். "சாமானை நாம வாங்கிப் போடுவோம், கூலிக்கு ஆள் வைப்போம்" என்று சித்தப்பா சொல்லி, சோழவந்தான் பக்கத்தில் இருக்கும் இந்த மாஸ்டரிடம் கூட்டிப் போனார்.

முகூர்த்தத்துக்கு 19 பதார்த்தம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். என் பேனாவையே வாங்கி ஆறை அடித்துவிட்டார். "சாம்பாரும் ரசமும் வாய்க்கு நல்லா இருந்தா யாரு தம்பி எண்ணப் போறா? இத்தனை வச்சா பாதி இலையோட மடிச்சுட்டுப் போவாங்க." கூலிக்கு வருகிறவருக்கு அயிட்டம் குறைந்தால் வேலையும் குறையும்தான். ஆனால் மளிகைச் சீட்டு போட்டபோது நெய்யையும் முந்திரியையும் அவரே பாதியாக்கினார். அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

மளிகையைக் கீழமாசி வீதியில் வாங்கினோம். பிரிக்காத மூட்டையையும் பாக்கெட்டையும் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைக்கச் சொன்னதும் மாஸ்டர்தான். காய்கறி பரவை மார்க்கெட்டில். உக்கிராண அறைச் சாவி சித்தப்பா இடுப்பில். கேட்கக் கேட்க அளந்து கொடுத்தார், பாவம், தாலி கட்டும்போதுதான் வெளியே வந்தார்.

நான் அசந்தது சோறு வடித்த விதத்தில். சாப்பாட்டு ஹாலில் ஒரு பந்திக்கு 120 பேர் உட்காரலாம். இரண்டு பந்திக்கு மட்டும் உலை வைத்தார். இரண்டாவது பந்தி உட்காரும்போது மாடிக்கு வந்து, மண்டபத்தில் இருக்கிற தலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்த்தான் மூன்றாவது உலைக்கு அரிசி போடச் சொன்னார். முகூர்த்தத்துக்குச் சாப்பிட்டவர்கள் 310 பேர். மிஞ்சியது ஒரு சின்ன அண்டாவில் பாதிச் சோறு, கொஞ்சம் ரசம். அந்த வத்தக்குழம்பைப் பற்றி மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

கணக்கு இது: ஒன்பது பேர் கொண்ட குழுவுக்குக் கூலி 38,000, திருப்பிக் கொடுத்தது போக மளிகை 46,000, காய் 14,500, பால் தயிர் 7,000, இலை 3,500, கேஸ் 7,600, பரிமாற ஆட்கள் 9,000. மொத்தம் 1,25,600. மிச்சமான 58,400 ரூபாயில் தங்கச்சிக்குப் பீரோவும் கட்டிலும் வாங்கினோம்.

குறையும் சொல்ல வேண்டும். கடைசிப் பந்தியில் இருபது பேருக்குப் பாயசம் இல்லை. காலையில் காபி தண்ணியாக இருந்தது, இரண்டு தடவை சொன்ன பிறகுதான் சரியானது. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். முக்கியமாக, கூடமாட நிற்க வீட்டில் இரண்டு ஆளாவது இல்லை என்றால் இந்த முறை ஒத்துவராது. அப்படிப்பட்டவர்கள் இலைக் கணக்கில் பேசிவிடுவதே நிம்மதி.

ஆடி முடிந்ததும் வரும் முகூர்த்தங்களுக்கு இவர் சீக்கிரம் நிறைந்துவிடுகிறார். நாங்கள் வைகாசியிலேயே அட்வான்ஸ் கொடுத்தோம். என் மச்சினனுக்குத் தையில் கல்யாணம் பேசியிருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சோழவந்தான் போகிறேன். பாயசத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.