அண்ணாச்சி கடையா, ஏரியா பசங்களா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். (எண்ணூர் பக்கம் எண்ணெயும் சேர்ந்து மிதந்தது, அது தனிக் கொடுமை.) கைகொடுத்தது இரண்டே தரப்பு: மளிகைக் கடை அண்ணாச்சியும் ஏரியா பசங்களும். இதில் யார் பெரிய துணை?

அண்ணாச்சி ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, அரிசி மூட்டை மேல் சம்மணமிட்டபடி மெழுகுவத்தி, பால் பவுடர், பிரெட் என்று நீட்டினார். காசு கேட்கவில்லை. கணக்கு நோட்டு ஊறிப்போனதால் பிஸ்கெட் அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டார். "தண்ணி வடியட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அம்மாவிடம்.

பசங்க வேறு ரகம். தெர்மாகோல் பலகையில் பாட்டிகளை உட்கார வைத்து மெயின் ரோடு வரை தள்ளிப் போனார்கள். யார் வீடு, எந்த ஊர் என்றெல்லாம் பார்க்கவில்லை. அண்ணாச்சி நோட்டில் பெயர் இருந்தால்தான் கடன். புதிதாகக் குடிவந்த வடநாட்டுத் தொழிலாளிகளுக்கு அதில் பக்கம் ஏது? அவர்கள் கதவையும் தட்டியது பசங்கதான்.

ஆனால் நான்காம் நாள் பசங்க வேலைக்குப் போயாக வேண்டும். கடை அங்கேயே இருந்தது. எங்கள் பாக்கி பொங்கல் தாண்டித்தான் தீர்ந்தது.

முதல் மூன்று நாளுக்குப் பசங்க, அடுத்த மூன்று மாதத்துக்கு அண்ணாச்சி என்பது என் கணக்கு.

வெயில் காலத்தில் கேரம் என்று வந்தால் இரண்டு தரப்பையும் பிரிக்கவே முடியாது. 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் எங்கள் பக்கத்துப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றது வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் தெருமுனை கேரம் போர்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டிரைக்கர் பிடிக்கச் சொல்லித் தருவது பசங்க. பவுடர் டப்பா மட்டும் அண்ணாச்சி கடையிலிருந்து, இன்றும் கணக்கில்லாமல்.