வெள்ளவத்தை பிசியோதெரபி நிலையம்: பயிற்சிக்குப் போங்கள், மெசினுக்கு வேண்டாம்

கொழும்பில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பார்மசிக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது இந்த இடம். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. நாரி நோவோடு வருகிறவர்களை நம்பி நடத்துகிறார்கள், ஆனால் லிப்ட் இல்லை. எனக்கு முன்னால் கைபிடியைப் பிடித்து ஏறிய மாமி ஒருவர், "இந்தப் படிக்கும் சேர்த்தோ பிள்ளை காசு எடுக்கினம்?" என்று கேட்டார்.

நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். பொழுது முழுக்கக் குனிந்த முதுகு, பெடலில் வலது கால். தீபாவளி ஓடர்கள் முடிந்த கையோடு வலது பக்கப் பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கத்தால் கெண்டைக்கால் வரை சுள்ளென்று இழுக்கத் தொடங்கியது. பெருவிரல் மரத்துப் போனது. தும்மினால் உயிர் போய் வரும். குடும்ப டொக்டர் சியாட்டிக்கா என்றார். எம்.ஆர்.ஐ. இப்போதைக்குத் தேவையில்லை என்று சொல்லி, நோக் குளிசையும் பிசியோவுக்கு ஒரு துண்டும் தந்தார்.

முதல் நாள் என்னைப் பார்த்தது மகள் வயதுப் பிள்ளை. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் காலை மெல்ல உயர்த்தினாள். பாதி உயரம் வருமுன்பே மின்சாரம் அடித்த மாதிரி இருந்தது. குதிக்காலால் நடக்க வைத்தாள், பிறகு நுனிக்காலால். "அன்ரி, பெருவிரலை உங்கட முகத்தைப் பார்த்து நிமித்துங்கோ. நான் அமத்துவன், விட்டுத் தராதேங்கோ." இடது விரல் விட்டுத் தரவில்லை, வலது விரல் கொஞ்சம் தளர்ந்தது. அலுமாரியிலிருந்து பிளாஸ்டிக் முள்ளந்தண்டை எடுத்து வந்து, நாலாவது, ஐந்தாவது நாரி எலும்புகளுக்கு இடையில் விரலை வைத்தாள். அங்கே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கினால் ஐந்தாவது நரம்பு வேரை அமத்தும். நாரியிலிருந்தும் அதற்குக் கீழேயிருந்தும் வரும் வேர்கள் சேர்ந்துதான் உடம்பிலேயே தடித்த சியாட்டிக் நரம்பாகிக் காலுக்கு இறங்குகிறது. "நோகிறது கால், பிழை நாரியில." கெண்டைக்காலில் எண்ணெய் போட்டு உருவச் சொல்லும் எங்கள் தொடர்மாடி ஆட்களுக்கு இதை அச்சடித்துக் கொடுக்கலாம்.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தையில்லை. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றுவது, அது பழகியதும் கையை நிமிர்த்தி நெஞ்சை மட்டும் உயர்த்துவது. இடுப்பு கட்டிலை விட்டு எழும்பக் கூடாது. 1956இல் நியூசிலாந்தில் ரொபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தற்செயலாகக் குப்புறக் கிடந்த ஒருவருக்குக் கால் நோ குறைந்ததைப் பார்த்துத் தொடங்கிய முறையாம். எல்லாருக்கும் இது பொருந்தாது, அதனால்தான் முதலில் சோதிக்கிறோம் என்றாள். நான் கொடுத்த காசுக்குப் பெறுமதி அவள் சொன்ன ஒரு விதிதான்: நோ பாதத்திலிருந்து மேலே ஏறி நாரிக்கு வந்தால் நல்லது, நாரி அதிகமாக நொந்தாலும் பரவாயில்லை, கீழே இறங்கினால் உடனே நிற்பாட்ட வேண்டும். எனக்குக் கெண்டைக்காலை விட்டது, பிறகு தொடையை. பெருவிரலின் மரப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

படுத்தே கிடக்க விடவில்லை. கதிரையை உயர்த்தித் தையல் மெசினுக்குக் கிட்டப் போடவும், அடிக்கடி எழும்பி நடக்கவும் சொன்னாள். பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளிலிருந்து சில மாதங்களுக்குள் ஒப்பரேசன் இல்லாமலே குறைந்துவிடும், பிதுங்கிய பகுதி பலருக்குத் தானாகவே சுருங்கும் என்றாள். மூத்திரம் போவதில் வித்தியாசமோ, இருக்கும் இடம் மரத்ததோ, இரண்டு காலும் சோர்ந்ததோ என்றும் கேட்டாள். அப்படி ஏதும் வந்தால் இங்கே ஏறி வர வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு அடித்து நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ என்றாள். எப்போது தன்னிடம் வரக் கூடாது என்று சொல்லும் இடத்தை நான் நம்புவேன்.

இனிக் குறை. பயிற்சி முடிந்ததும் திரைக்குப் பின்னால் உதவியாளர் வந்து கரண்ட் வைக்கிறார், குளிர் ஜெல் பூசி அல்ட்ராசவுண்ட் உருட்டுகிறார், இடுப்பில் பட்டி போட்டு இழுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனிப் பில். படுத்திருக்கும் மட்டும் சுகம், காலி வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பழையபடிதான். லண்டனில் நேர்ஸாக இருக்கும் அக்காவின் மகள் அங்குள்ள நைஸ் என்ற சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டலை வாசித்துச் சொன்னாள்: சியாட்டிக்காவுக்குக் கரண்ட், அல்ட்ராசவுண்ட், இழுவை, பெல்ட் நாலுமே கொடுக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறதாம். அடுத்த முறை எனக்குப் பயிற்சி மட்டும் போதும் என்றேன். பிள்ளை சிரித்துத் தலையாட்டினாள். கவுண்டரில் இருந்தவருக்குத்தான் முகம் கறுத்தது. "பக்கேஜ் அப்படித்தான் அன்ரி" என்று இழுத்தார், நான் அசையவில்லை. கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருந்த பெல்ட்டையும் வாங்கவில்லை.

போவதென்றால் கிழமை நாளில் மத்தியானத்துக்குப் பிறகு போங்கள், சனிக்கிழமை கதிரை கிடைக்காது. பக்கேஜுக்கு மொத்தமாகக் கட்டாமல் ஒவ்வொரு முறையும் கட்டுங்கள், கேட்டால் விடுவார்கள். பார்க்கப் போகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். காசு கட்டாது என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இலவசம், டொக்டரிடம் துண்டு வாங்கிக்கொண்டு போகலாம்.