சேலத்தில் ஒரு கேம்பஸ் விடுதி: பல வருஷம் இருந்து பார்த்ததில்

எம்.எஸ்சி. படிக்க வந்து, அப்படியே பிஎச்.டி.யும் சேர்ந்து, இருபதுகளில் பாதியை சேலத்தில் ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் கழித்தாகிவிட்டது. பேர் வேண்டாம், இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கிறது. பாடம், லேப் எல்லாம் துறைக்குத் துறை மாறும், அதை நான் எழுதி யாருக்கும் பிரயோஜனமில்லை. ஆனால் விடுதியும் விதிகளும் எல்லாருக்கும் ஒன்றுதான், அதிலும் பெண்பிள்ளைகள் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொண்டு வந்தால் நல்லது.

முதலில் மெஸ். எங்களுடையது டிவைடிங் சிஸ்டம். அந்த மாதம் அரிசி, பருப்பு, காய், பால், கேஸ் என்று ஆன மொத்தச் செலவை, எல்லாரும் இருந்த நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு நாள் கணக்கு எடுப்பார்கள். அதை நாம் இருந்த நாட்களால் பெருக்கினால் நம் பில். கேட்க நியாயமாக இருக்கும். சிக்கல் 'மெஸ் கட்' என்கிற கழிவில்தான். ஊருக்குப் போகிற நாட்களைக் கழிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் தொடர்ந்து பல நாட்கள் இல்லாமல் இருந்தால்தான் கழிப்பார்கள். வெள்ளி சாயந்திரம் தர்மபுரிக்கோ நாமக்கல்லுக்கோ பஸ் ஏறி திங்கள் காலை நேராக வகுப்புக்கு வருகிறவளுக்கு அந்த சனி, ஞாயிறு கழியாது. ஆக, பக்கத்து ஊர்ப் பிள்ளை சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை சிக்கனுக்கும் காசு கட்டுகிறாள், தூரத்து ஊர்ப் பிள்ளை அதையே கொஞ்சம் சல்லிசாகச் சாப்பிடுகிறாள். மாதக் கடைசியில் பில் ஒட்டினதும் ஒவ்வொரு தடவையும் சண்டை.

அப்புறம் ஒரு வார்டன் மேடம் வந்தார். மளிகை எடுக்க செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் சந்தைக்குப் போகும்போது மெஸ் ரெப், அதாவது மாணவிகள் சார்பில் மெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறவர்கள், இரண்டு பேரைக் கூடவே அனுப்பினார், வாரா வாரம் செலவுக் கணக்கை சாப்பாட்டு ஹாலிலேயே ஒட்டச் சொன்னார். பில் குறைந்ததா என்றால் பெரிதாக இல்லை. தக்காளி விலை ஏறினால் ஏறினதுதான். ஆனால் சந்தேகம் போய்விட்டது, சண்டையும் போய்விட்டது, தட்டில் மிச்சம் வைக்கிறவளைப் பக்கத்து சீட்டுக்காரியே திட்ட ஆரம்பித்தாள். அவர் மாறிப் போனதும் கணக்கு ஒட்டுவது நின்றது, பழைய பாட்டு மறுபடியும். கணக்கு நம் கண்ணில் படும் இடத்தில் விதியைப் பிள்ளைகளே காப்பாற்றுகிறார்கள், படாத இடத்தில் எப்படி ஏமாற்றலாம் என்று பார்க்கிறார்கள். நான் பார்த்தவரை இந்த வளாகத்தில் மற்ற எல்லாமும் இதே கதைதான்.

கேட் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் விடுதி ஆறரைக்கு மூடும், ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒரு மணி அடித்து யாரும் பார்த்ததில்லை. நூலகமோ அதற்கு அப்புறமும் திறந்திருக்கும்! தாவரவியலில் பிஎச்.டி. பண்ணுகிற ஸ்காலர் அக்கா ஒருத்தர் சேர்வராயன் மலையில் செடி சேகரிக்கிறவர், வனத்துறை அனுமதிக் கடிதமெல்லாம் கையில் வைத்திருந்தார். ஏற்காட்டிலிருந்து பஸ் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஊருக்குள் வந்து, டவுன் பஸ் மாறி வருவதற்குள் கேட் மூடியிருக்கும். அந்த மலையில் மட்டுமே இருக்கிற மரமான வெர்னோனியா சேவராயென்சிஸ் பூத்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர், தினமும் ஒரு விளக்கக் கடிதம் எழுதி கைடிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு அலைந்தார். பையில் பிரஸ் பண்ணின செடி, கையில் கடிதம்.

கேட்டால் 'உங்க பாதுகாப்புக்குத்தாம்மா' என்பார்கள். பலருக்குத் தெரியாத விஷயம்: பாலியல் துன்புறுத்தல் தடுப்பு பற்றிய யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 ஒழுங்குமுறையிலேயே, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண் மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை விடுதிப் பெண்களுக்கு மட்டும் போடக்கூடாது என்று இருக்கிறது. இதை அச்சடித்து மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். ஸ்காலர்களுக்கு நேரம் நீட்டினார்கள், முதுகலைப் பிள்ளைகளுக்கு இல்லை. ஏன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அதனால் என்ன ஆகிறது? வெளியே போக வாங்குகிற அனுமதிச் சீட்டான அவுட்பாஸில் 'அத்தை வீடு' என்று எழுதிவிட்டு வெளியே தங்குகிறார்கள். சேலத்தில் இத்தனை அத்தைகள் இருப்பது விடுதிப் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

அதே ஒழுங்குமுறைப்படி உள்ளகப் புகார் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் மூன்று பேர் இருக்க வேண்டும். எங்கள் வளாகத்தில் போர்டில் பேர்கள் இருந்தன, தேர்தல் நடந்து நான் பார்த்ததில்லை. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற குறைகளுக்கு யுஜிசியின் 2023 விதிப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது, 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், தாளில் எழுதித் தேதி போட்டு சீல் வாங்கினால் அசைகிறார்கள்.

ராகிங் பற்றி அம்மாக்கள் பயப்படுகிற அளவுக்கு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 1997 முதலே தனிச் சட்டம் இருக்கிறது, வருஷா வருஷம் உறுதிமொழியும் வாங்குகிறார்கள். என்னை உறுத்தியது வேறு. முதல் வாரத்தில் 'எந்த ஊரு?' என்று கேட்பார்கள், சொன்னால் 'ஊருக்குள்ள எந்தப் பக்கம்?' என்பார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அறையைத் தாங்களே தேர்ந்தெடுக்க விட்ட வருஷங்களில் ஒரே மாதிரி ஆட்கள் ஒரே அறையில் சேர்ந்தார்கள், குலுக்கல் போட்ட வருஷம் அப்படி இல்லை. எல்லார் முன்னாலும் சீட்டு எடுத்ததால் யாரும் முணுமுணுக்கவும் இல்லை. குலுக்கலில் எனக்குக் கிடைத்த ரூம்மேட்டோடு எப்படி ஒத்துப்போகும் என்று யோசித்தேன். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு அவளோடுதான் போனேன், பரீட்சை முடிகிற அன்றைக்குத் தட்டுவடை செட் வாங்கித் தருவதும் அவள்தான்.

சரி, சேரலாமா? சேரலாம், விடுதியிலும் தங்கலாம். வெளியே அறை எடுத்தால் வாடகையும் பஸ்ஸுமாக இதைவிடச் செலவு. கோடையில் மேல் மாடி வேண்டாம், வெக்கையில் படுக்கவே முடியாது. மெஸ் கட் நோட்டில் எழுதினதைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். படிப்பு முடிகிறவர்கள் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்குகிற நோ டியூ படிவத்தை ஒரு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள், நூலகம், லேப், மெஸ், விடுதி என்று ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர் லீவில் இருப்பார்.