கைக்குழந்தையோடு குன்னூர்: ஒரு புதன்கிழமை ஊசி

இங்கிலாந்திலிருந்து கைக்குழந்தையோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பால்பவுடரை மறந்தாலும் பரவாயில்லை, குன்னூர்க் கடைத்தெருவில் கிடைக்கும். இங்கிலாந்தில் தருகிற அந்தச் சிவப்புத் தடுப்பூசிப் புத்தகத்தை மட்டும் மறக்காதீர்கள்.

என் மகனுக்கு 9 மாதம் முடிந்திருந்தது. 8, 12, 16 வாரங்களில் போட வேண்டியதெல்லாம் அங்கேயே போட்டாகிவிட்டது. தாத்தா பாட்டி இந்தியாவில் பிறந்தவர்கள் என்பதால் காசநோய்க்கான பிசிஜி ஊசியும் கிடைத்தது. அங்கே அதை எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதில்லை. பாக்கி தட்டம்மை ஊசி. அங்கே முதல் தவணை ஒரு வயதில், இங்கே 9 மாதம் முடிந்ததும். கல்யாணம், பஸ், சொந்தக்காரர் கூட்டம் என்று அலையப்போகிறோம், இங்கேயே போட்டுவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். டாக்டர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "ஃபாரின் ஷெட்யூல் வேறம்மா, முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடலாம்" என்று விலைப்பட்டியலை நீட்டினார். இடைவெளி விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் முறை. முழுதாகப் போட்ட ஊசியை எதற்குத் திரும்பப் போட வேண்டும்? சிம்ஸ் பூங்கா வழியாக முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். பக்கத்திலேயே பாஸ்டர் நிறுவனம். 1907இல் தொடங்கிய இடம், முத்தடுப்பு ஊசி தயாரிக்கிற இடம். அந்த ஊரில் இந்தக் கதை!

"புதன்கிழமை நம்ம சப்சென்டர்ல போடுவாங்க, காசு எதுக்கு?" என்றார் அத்தை. சப்சென்டர் என்றால் அரசின் துணை சுகாதார நிலையம். சரி என்று போனோம். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே சின்னக் கட்டடம். கிராம சுகாதார செவிலியர் புத்தகத்தை வாங்கி, வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். "அஞ்சு நோய்க்கான பென்டாவும் போலியோவும் ஒரே ஊசியில வந்திருக்குங்க. இதெல்லாம் திரும்ப வேண்டாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் காத்திருக்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா மருந்து ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கு வரும். கலக்கிவிட்டால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். இலை எடை போட்டுவிட்டு வர வேண்டிய இரண்டு தாய்மார்களுக்குப் போன் அடித்துக் கூப்பிட்டார். அவர்கள் வந்ததும் ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து, மூடியை வெளிச்சத்தில் பிடித்து என்னிடமும் காட்டினார். வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை மருந்து சூடுபட்டுக் கெடவில்லை என்று அர்த்தமாம். கலக்கிய நேரத்தைப் பேனாவால் குப்பி மேலேயே எழுதினார். அந்தக் கிளினிக்கில் இதை யார் காட்டியிருப்பார்கள்?

குளிருக்காக அத்தை போட்டுவிட்ட ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர் என்று கழற்றி வலது கையை வெளியே எடுப்பதற்குள் பையன் அழுது முடித்துவிட்டான். ஊசிக்கு அழவே இல்லை. கூடவே வைட்டமின் ஏ சொட்டு, 1 மில்லி.

எடை, உயரம் பார்த்தார். தானாக உட்காருகிறானா, பேர் சொன்னால் திரும்புகிறானா, ராகிக்கூழ் எத்தனை வேளை என்று கேட்டார். இங்கிலாந்தில் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கிற செவிலியர், ஹெல்த் விசிட்டர், கேட்பதும் ஏறக்குறைய இதேதான். அரை மணி நேரம் உட்கார வைத்து, ஒரு வாரம் கழித்தும் காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இன்னொன்று. ஒரு வயதுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியை இங்கிலாந்தில் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். திரும்பிப் போனதும் ஒரு வயது ஊசியை மறுபடி போட வேண்டும். இரண்டுக்கும் குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். அதனால் தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். புதன்கிழமை அரசு விடுமுறையா என்று முன்னாடியே செவிலியருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவதும் நல்லது.