மதுரையில் அப்பீலா, அதே கோர்ட்டில் மனுவா?

குடும்ப நீதிமன்றத்தில் தோற்றதும் காரைக்குடிப் பக்கம் முதலில் வரும் பேச்சு, "மதுரை பெஞ்சுல அப்பீல் போட்ருவோம்." சிவகங்கை மாவட்டத்துக்கு ஹைகோர்ட் என்றால் மதுரைக் கிளைதான், சரி. ஆனால் கையில் இருப்பது எந்த வகை உத்தரவு என்று பார்க்காமல் பஸ் ஏறக் கூடாது.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை, அதாவது ஒரு தரப்பு வராமலே சொன்ன தீர்ப்பை, எடுத்துக்கொள்வோம். பையன் சிங்கப்பூரில். கானாடுகாத்தான் வீடு பூட்டிக் கிடக்கிறது, பங்காளிகள் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குத்தான் திறப்பார்கள். கோர்ட் அமீனா சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருப்பார். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு)த் தெரிய வருவதற்குள் விவாகரத்தே ஆகிவிடும். இந்தப் பையனுக்கு அப்பீலைவிட, தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 13-இல் செட்-அசைடு மனு (தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனு) போடுவது மேல். சம்மன் முறைப்படி தன் கைக்குச் சேரவில்லை என்று நிரூபித்தால் (பாஸ்போர்ட் முத்திரை இங்கே பேசும்) 30 நாள் கெடு விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஓடும். வென்றால் சாட்சிக்கூண்டில் ஏறித் தன் பக்கத்தைச் சொல்லலாம். அப்பீலில் பழைய கேஸ் கட்டை வைத்துத்தான் வாதம், புதுச் சான்று சேர்ப்பது கடினம். இன்னொரு கண்ணியும் உண்டு: முதலில் அப்பீலுக்குப் போய் அது தள்ளுபடியானால், செட்-அசைடு மனுவுக்கு அப்புறம் வழியில்லை.

இரு தரப்பும் நடத்தித் தோற்ற வழக்குக்கு அப்பீல்தான். குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 என்கிறது. 30-ஐயே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டே வாங்காத வரை உத்தரவு உயிரோடுதான் இருக்கும். சம்மதத் தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125, இப்போது அதற்குப் பதில் வந்த BNSS சட்டத்தின் 144-ஆம் பிரிவு ஜீவனாம்சத்துக்கும் அப்பீல் இல்லை, ரிவிஷன் (உத்தரவு சரிதானா என்று ஹைகோர்ட் பார்க்கும் மனு) மட்டும். ஆனால் வேலை போய்விட்டது, பிள்ளைக்குச் செலவு கூடிவிட்டது என்றால் ரிவிஷனால் ஆவது குறைவு. அதே கோர்ட்டில் 146-ஆம் பிரிவில் தொகையை மாற்றக் கேட்கலாம், கணவரானாலும் மனைவியானாலும்.

நகை, வெள்ளிச் சாமான் தகராறுக்கு மட்டும் என் ஓட்டு பெரியவர்கள் பேச்சுக்கே. கல்யாணத்துச் சிட்டையை (சாமான் பட்டியலை) விரித்து வைத்து, குத்துவிளக்கு வரை வரிவரியாகச் சரிபார்க்க அவர்களால் முடியும். பேச்சு நடக்கிறதென்று கெடு நிற்காது, அப்பீலைப் போட்டுவிட்டே உட்காருங்கள். முடிந்ததை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, கோர்ட்டில் பதிவு செய்துவிட வேண்டும்.