பாங்க் போட்டுத் தரும் கடை இன்சூரன்ஸை நம்பி இருக்காதீர்கள்

நெல்லையில் கடை வைத்து, சரக்கின் பேரில் பாங்க்கில் கேஷ் கிரெடிட் கடன் (சரக்கை ஈடாக வைத்து, வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன்) வாங்கியிருப்பவர்கள் இன்றைக்கே உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, ஜங்ஷன் பக்கம் உள்ள எங்கள் பலசரக்குக் கடையில் இடுப்பளவு தண்ணீர். சீனி மூடைகள் இருந்த இடத்தில் வெறும் ஈரச் சாக்குதான் கிடந்தது. துவரம்பருப்பு ஊறி உப்பி, சாக்கின் தையலே பிரிந்துவிட்டது. அப்பா மட்டும் தைரியமாக இருந்தார். கடன் கொடுக்கும்போதே மேனேஜர், "அண்ணாச்சி, இன்சூரன்ஸ் எல்லாம் நாங்களே போட்டுருவோம், நீங்க அலைய வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். வருஷா வருஷம் கணக்கில் பிரீமியமும் பிடித்தார்கள். பாலிசியைக் கேட்டபோதெல்லாம் "ஃபைலில் இருக்கு" என்பதுதான் பதில்.

நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரிந்தது. கடையில் இருந்த சரக்கு 20 லட்சம். பாலிசி 10 லட்சத்துக்கு, அதாவது கடன் தொகைக்கு மட்டும். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்பதால் நஷ்டத்திலும் பாதிதான் தருவார்களாம். 8 லட்சம் நஷ்டத்துக்கு 4 லட்சம். சின்னக் கடைகளுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் காப்பீட்டுத் தொகை சரக்கு மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் விட்டுவிடுவார்கள், அதற்கு மேல் போனால் வெட்டுதான். பின்தெரு குடோனுக்கு ஒரு பைசா இல்லை, அந்த விலாசமே பாலிசியில் கிடையாது. வந்த 4 லட்சமும் நேராகக் கடன் கணக்குக்குப் போய்விட்டது.

எனக்கு ஆறாத கோபம் எதில் என்றால், மாதா மாதம் நாங்கள் பாங்க்கில் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் (சரக்கு இருப்புக் கணக்கில்) சரக்கு மதிப்பும் குடோன் விலாசமும் தெளிவாக இருக்கின்றன. அதை வாங்கி வைத்துக்கொண்ட அதே கிளைதான் தன் கடனுக்கு மட்டும் காவல் போட்டது.

பாலிசி கைக்கு வந்ததும் விலாசங்களையும் காப்பீட்டுத் தொகையையும் பாருங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் சரக்கு எவ்வளவு ஏறுமோ அந்தத் தொகைக்குப் போடச் சொல்லுங்கள். பாங்க் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொள்முதல் பில்களை போனில் படம் எடுத்து வையுங்கள், எங்கள் பில் கட்டு கூழாகிப் போனதால் சர்வேயரிடம் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. பாங்க் செய்த குறைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் நகல்களோடு நாங்கள் அங்கேதான் போட்டிருக்கிறோம்.