முடிச்சூர்ல வீட்ட ஜாக்கி வெச்சு மூணு அடி தூக்கினோம்: குடுத்த காசுக்கு வொர்த்தா?

ஹவுஸ் லிஃப்டிங் பத்தி யூடியூப்ல வர்ற வீடியோ பூராவும் தூக்குற கம்பெனிக்காரங்களே போட்டதா இருக்கு. தூக்கி முடிச்சு ஒரு மழைக்காலம் உள்ள குடியிருந்து பாத்தவங்க எழுதினது ஒண்ணும் என் கண்ல படல, அதான் உக்காந்து எழுதுறேன். நாங்க பண்ணது 2024 கோடைல, மிக்ஜாம் புயல் வந்துட்டு போனதுக்கு அப்புறம். வீடு சென்னைல தாம்பரத்த ஒட்டின முடிச்சூர் பக்கம், கீழ் வீடு மட்டும்தான், 900 ஸ்கொயர் ஃபீட், பில்லர் கிடையாது, செங்கல் செவுத்து மேல தளம் போட்ட பழைய டைப். கம்பெனி பேர் போடல, ஏன்னு படிச்சா புரியும்.

முதல்ல இடத்த பத்தி சொல்லிடுறேன். முடிச்சூர், வரதராஜபுரம்னாலே வெளில இருக்கவங்க "செம்பரம்பாக்கம் தொறந்துட்டாங்களா"னுதான் கேப்பாங்க. செம்பரம்பாக்கம் ஏரி உபரித்தண்ணி அடையாறு ஆத்துல வந்து சேர்றது திருநீர்மலை கிட்ட, நாங்க அதுக்கு மேல இருக்கோம், எங்களுக்கு தண்ணி ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம்னு அந்த பக்கத்து ஏரிங்க ரொம்பி வர்றது. அதனால டிவில செம்பரம்பாக்கம் எத்தன அடினு ஓடுறத பாத்துட்டு நிம்மதியா தூங்கினா காலைல கட்டில் நனைஞ்சிருக்கும். 2015 டிசம்பர் 1 மழைல தாம்பரத்துல மட்டும் ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர், அன்னிக்கு எங்க தெருவுல ஆள் கழுத்து வரைக்கும் தண்ணி, படகுலதான் வெளிய வந்தோம். அப்புறம் 2020 நிவர், 2021 நவம்பர், 2023 மிக்ஜாம். இதுல ரோடு வேற, ஒவ்வொரு தடவ போடும்போதும் பழச சுரண்டாம அது மேலயே போட்டு போட்டு வீட்டு வாசப்படி ரோட்டுக்கு கீழ போயிடுச்சு. சுரண்டிட்டுதான் போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டாரு, ஆனா அதுக்குள்ள எங்க தெரு ஏற வேண்டிய உயரம் ஏறி முடிச்சிருச்சு.

சரி, சர்வீஸ். எங்களுக்கு வந்தது ஹரியானாகாரங்க நடத்துற டீம், வேல செய்றவங்க பாதி பேர் பீகார் பசங்க. வீட்ட தூக்குறதுனா தரையோட சேத்து அப்படியே தூக்கிடுவாங்கனு நெறைய பேர் நெனைக்கிறாங்க. தரை அங்கயேதான் இருக்கும், செவுரும் தளமும் மட்டும்தான் மேல போகும். செவுத்துக்கு ரெண்டு பக்கமும் பள்ளம் தோண்டுறாங்க, பேஸ்மட்டத்துல கொஞ்சம் கொஞ்சமா செங்கல உடைச்சு எடுத்துட்டு அந்த இடத்துல இரும்பு சேனலும் ஜாக்கியும் வெக்கிறாங்க, சுத்தி முழுக்க ஜாக்கி உக்காந்ததும் ஒருத்தர் குரல் குடுக்க குடுக்க எல்லாரும் ஒண்ணா ஒரே அளவு திருப்புறாங்க. ஒரு பக்கம் முந்திட்டா செவுரு விட்டுரும். தூக்குற வேல பாக்குறதுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் இருக்கும், சாயங்காலம் வந்து அளந்தா அரை அடி ஏறியிருக்கும். மூணு அடி ஏறினதும் ஜாக்கிக்கு நடுவுல செங்கல் கட்டி, காய விட்டு, ஒவ்வொரு ஜாக்கியா உருவிட்டு அந்த ஓட்டையையும் கட்டிடுறாங்க. எங்க வீட்ல விரிசல்னு பாத்தா கிச்சன் ஜன்னல் மூலைல முடி கணக்கா ஒண்ணு, நிலை ஒண்ணு லேசா சாஞ்சது, அவ்ளோதான். இந்த விஷயத்துல அவங்கள கொற சொல்ல முடியாது, கை சுத்தமான வேல.

ஆனா பயம் இல்லாம இருக்காது. இதே மாதிரி வேல நடக்குறப்ப செவுரு சரிஞ்சு தொழிலாளி செத்ததெல்லாம் நம்ம சென்னைலயே நடந்திருக்கு. அந்த பசங்க ஹெல்மெட் கூட இல்லாம பள்ளத்துக்குள்ள குனிஞ்சு நின்னு வேல பாத்தாங்க, நாங்க கேட்டதுக்கு சூப்பர்வைசர் சிரிச்சிட்டு போயிட்டாரு. இது எனக்கு இன்னிக்கும் உறுத்துது. தூக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர வெச்சு பாத்துக்கோங்க, கம்பெனி அனுப்புற இன்ஜினியர் இல்ல, நீங்களா கூட்டிட்டு வர்றவர்.

இப்ப காசு. ஸ்கொயர் ஃபீட்டுக்கு 260 ரூபா, மூணு அடிக்குனு பேசி 2,34,000. கேக்க நல்லா இருக்குல்ல? தூக்குறது மட்டும்தான் அந்த ரேட். உள்ள மூணு அடி பள்ளம் மாதிரி கெடக்குற தரைய கிராவல் கொட்டி ரொப்பணும், பிசிசி (டைல்ஸுக்கு அடில வர்ற கான்கிரீட்) போடணும், டைல்ஸ் புதுசு, பாத்ரூம் பைப்லைன் மொத்தமும் புதுசு, இபி மீட்டர் பாக்ஸ் ஏத்தணும், வாசப்படி கட்டணும், பெயின்ட், மூணு மாசம் வெளிய வாடகை. எல்லாம் சேத்து ஆறு லட்சத்த தாண்டிடுச்சு. ஃபில்லிங் எங்க பொறுப்புனு முதல் நாள் வாயால சொன்னவங்க தூக்கி முடிச்ச மறுநாள் அப்படி நாங்க சொல்லவே இல்லனுட்டாங்க. பேர் போடாததுக்கு காரணம் இதுதான், வேலையும் நல்லா பண்ணாங்க, பேச்சையும் மாத்தினாங்க, ரெண்டுல எத வெச்சு அவங்கள உங்களுக்கு சொல்றதுனு எனக்கே தெரியல.

இதோட முடிச்சா கம்பெனி வீடியோ மாதிரிதான் இருக்கும். எங்க தெருவுல எல்லாருக்கும் ஒரே தண்ணிதான் வந்துச்சு ஆனா வீட்ட தூக்கினது நாங்களும் இன்னும் ரெண்டு வீடும்தான், மத்தவங்க என்ன பண்ணாங்கனு பாத்தாதான் இது யாருக்கான சர்வீஸ்னு புரியும்.

எதிர் வீட்டு வாத்தியார், ரிட்டயர்டு, மேல ஒரு ரூமும் சின்ன கிச்சனும் கட்டிட்டாரு. கீழ ஹால்ல இப்ப ஒரு மர சாமான் கிடையாது, இரும்பு கட்டிலும் பிளாஸ்டிக் சேரும்தான், சுவிட்ச் போர்டெல்லாம் நெஞ்சு உயரத்துல. மழை அலர்ட் வந்தா கேஸ் சிலிண்டர மட்டும் மேல தூக்கிட்டு போயிடுறாரு. நாங்க ஜாக்கி வெச்சுட்டு இருந்தப்ப வந்து பாத்துட்டு "தம்பி, நீ வீட்ட தூக்குற, நான் என்னைய தூக்கிக்கிட்டேன்"னாரு. செலவு எங்களுக்கு ஆனதுல ஏறக்குறைய அதே, ஆனா அவருக்கு ஒரு ரூம் கெடச்சுது. மாடிப்படி ஏற முடியிற வரைக்கும் அவரோட ஐடியா எங்களோடத விட கெட்டினுதான் சொல்வேன். எங்க அம்மாவுக்கு முட்டி முடியாது, அதனால எங்களுக்கு அந்த வழி இல்ல.

பக்கத்து வீட்டு அக்கா வீட்ல கேட்டுக்கு குறுக்க ரெண்டரை அடிக்கு செவுரு, ஏறி எறங்க ரெண்டு பக்கமும் படி, உள்ள ஒரு டீசல் பம்ப். ஸ்கூட்டர இப்ப தெருவுலதான் நிறுத்துறாங்க. தண்ணி செவுத்த தாண்டி வரல, பாத்ரூம் வழியா வந்துச்சு. செப்டிக் டேங்க் ரொம்பினா அது மேலதான வரும், மிக்ஜாம் அன்னிக்கு அவங்க வீட்ல தண்ணி வந்தது டாய்லெட் கோப்பைலேர்ந்து. இப்ப மழைன்னா மணல் மூட்டைய கோப்பைக்குள்ள அமுத்தி வெக்கிறாங்க, நக்கலுக்கு சொல்லல, நெஜமாவே அது கேக்குது.

மூலை வீட்டு அண்ணன் ஐடிகாரர், அவர் கட்டிடத்த தொடவே இல்ல, எல்லாத்துக்கும் பாலிசி எடுத்துட்டாரு. பாரத் கிருஹ ரக்ஷானு 2021-லேர்ந்து எல்லா கம்பெனிலயும் ஒரே மாதிரி வர்ற பாலிசி, கட்டிடத்துக்கு எடுத்தா உள்ள இருக்க சாமானுக்கும் அதுல 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் தானா கவர் ஆகும், வெள்ளமும் அதுல சேத்தி. காருக்கு இன்ஜின் புரொடெக்ட் தனியா. 2015-ல தண்ணில நின்ன கார ஸ்டார்ட் பண்ணி பாத்து இன்ஜின் போன கத தெருவுக்கு தெரு இருந்துச்சு, சாதா பாலிசில அது வராது. இப்ப அவர் மழை நோட்டீஸ் பாத்த உடனே கார கொண்டுபோய் மேட்டுல விட்டுருவாரு. 2024 அக்டோபர்ல வேளச்சேரி பாலத்து மேல கார் வரிசையா நின்னத பாத்திருப்பீங்களே, அதே டெக்னிக்தான். காசு திரும்ப வரும், சரி, ஆனா வீட்டுக்குள்ள வர்ற சேறு நாத்தத்துக்கு எந்த கம்பெனியும் கிளெய்ம் குடுக்காது, அவர் சம்சாரம் ஒவ்வொரு நவம்பரும் அம்மா வீட்டுக்கு கெளம்பிடுறாங்க.

அடுத்தது விட்டுட்டு போனவங்க. ரெண்டு வீடு வித்துட்டாங்க, சேலையூர் பக்கம் ரெண்டாவது மாடி ஃபிளாட்டுக்கு போனாங்க. வித்த வெல கேட்டா வயிறு எரியும். அத கோழைத்தனம்னு தெருவுல ஒரு பேச்சு ஓடுச்சு, எனக்கு அப்படி தோணல, அந்த வீட்டு பாட்டிய 2015-ல கதவு பலகைல வெச்சு தள்ளிட்டு போனத நான் பாத்தேன், அதுக்கு மேலயும் அங்க இருனு சொல்ல நமக்கு என்ன உரிம இருக்கு.

வாடகைக்கு இருக்கவங்க நெலமைதான் மோசம். கடைசி லைன் வீட்ல ஒரு குடும்பம், அவர் பெருங்களத்தூர்ல லோடு வண்டி ஓட்டுறாரு, அவங்க எத தூக்குறது? ஹவுஸ் ஓனர் ஒரு செங்கல் வெக்க மாட்டாரு, ஏன்னா தண்ணி அவர் வீட்டுக்குள்ள வரல, அவர் வீடு மேடவாக்கத்துல இருக்கு. மிக்ஜாமுக்கு அரசாங்கம் குடுத்த 6000 ரூபா ரேஷன் கடைல குடுத்தாங்க, இவங்க கார்டு ஊர்ல இருந்துச்சு, கார்டு இல்லாதவங்களுக்குனு ஃபார்ம் குடுத்தாங்க, அத எழுதி குடுத்துட்டு அலைஞ்சாங்க. அவங்க பண்ணது ஒண்ணுதான், பிள்ளைங்க சர்டிஃபிகேட், பத்திரம், மாத்திரை எல்லாத்தையும் ஜிப் கவர்ல போட்டு ஒரு பக்கெட்ல வெச்சு மூடி, அந்த பக்கெட் பரண்ல. செலவு முந்நூறு ரூபா இருக்கும். அத பாத்துட்டு நாங்களும் ஒண்ணு ரெடி பண்ணோம்.

நான் எதிர்பாக்காத ஒரு விஷயம், வீட்ட தூக்கின உடனே பக்கத்து வீட்டோட மனஸ்தாபம். எங்க இடம் ஏறினதால எங்க காம்பவுண்டுல விழுற மழைத்தண்ணி அக்கா வீட்டு பக்கம் எறங்க ஆரம்பிச்சுது. அவங்க கேட்டது நியாயம். ஓரமா ஒரு சின்ன கால்வா வெட்டி தெரு பக்கம் திருப்பி விட்டோம், அதுக்கு தனி செலவு. இந்த கணக்க எந்த கோட்டேஷன்லயும் போட மாட்டாங்க. ஒவ்வொருத்தரா தூக்கிட்டே போனா கடைசில தூக்க முடியாதவன் வீடுதான் தெருவோட குளமாகும். ஆத்த அகலப்படுத்துறது, வரதராஜபுரம் பக்கம் மூடு கால்வா போட்டது எல்லாம் நடந்திருக்கு, தண்ணி முன்ன விட சீக்கிரம் வடியுது, அத ஒத்துக்கணும். ஆனா ஆத்துக்கு இந்த பக்கம் செங்கல்பட்டு மாவட்டம், அந்த பக்கம் காஞ்சிபுரம் மாவட்டம், மனு எழுதுறதுக்கு முன்னாடி எந்த கலெக்டர் ஆபீஸுக்குனு தெருவுல ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

ரிசல்ட்? 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு தெருவுல முழங்கால் தண்ணி, எங்க ஹால் காஞ்சே இருந்துச்சு. அம்மா ராத்திரி முழுக்க தூங்கினாங்க. அதுக்கு முன்னாடி மழை சத்தம் கேட்டாலே பீரோவ காலி பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. அதே சமயம் 2015 மாதிரி இன்னொரு தடவ வந்தா மூணு அடி பத்தாது, அத மறச்சு பேச வேணாம். ரெண்டு அடி, ரெண்டரை அடி தண்ணி அடிக்கடி வர்ற வீட்டுக்குதான் இந்த சர்வீஸ்.

என் மார்க் அஞ்சுக்கு மூணரை. வேலைக்கு நாலரை குடுப்பேன், பேச்சுக்கும் பாதுகாப்புக்கும் கொறச்சுட்டேன். வீடு சொந்தம், மாடி ஏற முடியாத பெரியவங்க இருக்காங்க, கட்டிடம் ஸ்ட்ராங்கா இருக்குனு இன்ஜினியர் சொல்லிட்டாரு, கைல கோட்டேஷன விட ரெண்டரை மடங்கு காசு இருக்குனா பண்ணுங்க. கடன் வாங்கி பண்றதா இருந்தா வாத்தியார் மாதிரி மேல ஒரு ரூம் கட்டுறத முதல்ல யோசிங்க.

பண்றவங்களுக்கு இன்னும் ஒண்ணு. வீடு ஏறும், ஆனா செப்டிக் டேங்கும் சம்பும் (தரைக்கு அடில இருக்க தண்ணித் தொட்டி) பழைய லெவல்லயேதான் இருக்கும். சம்ப் வாய மூணு அடி ஏத்தி கட்டாம விட்டா வெளி சேறு பூரா குடிக்கிற தண்ணில கலக்கும், பாத்ரூம் லைன்ல தண்ணி திரும்பி வராம தடுக்குற நான்-ரிட்டர்ன் வால்வு போடலனா அக்கா வீட்டு கததான். ரெண்டையும் ஃபில்லிங் கொட்டுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, டைல்ஸ் ஒட்டினதுக்கு அப்புறம் ஒடைக்க மனசு வராது. பொங்கல் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சா மே கடைசிக்குள்ள முடியும், ஆகஸ்ட்ல போன் பண்ணீங்கனா அந்த டீமுங்க எல்லாம் புக் ஆகி இருக்கும்.